விசாவில் இருக்கிறோம், வாடகைக்கு இருக்கிறோம்: ஈட்டன் தீக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த உதவிகள்

கலிஃபோர்னியாவில் எங்கள் ஊர் ஆல்டடீனா காட்டுத்தீயில் எரிந்த பிறகு இங்கே தமிழ்க் குடும்பங்களோடு பேசும்போதெல்லாம் ஒரே பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. "அதெல்லாம் சிட்டிசனுக்குத்தாங்க, நமக்குக் கிடையாது." சொல்பவர்களில் பெரும்பாலோர் எங்கேயும் போய்க் கேட்டுப் பார்த்தவர்கள் இல்லை. எச்-1பி என்கிற வேலை விசாவில் இருக்கிறோம், வாடகை வீடு, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, அப்புறம் எதற்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும் என்று வீட்டுக்குள்ளேயே முடிவு செய்துவிடுகிறார்கள்.

நாங்களும் எச்-1பி குடும்பம்தான். வாடகைக்கு இருந்தவர்கள்தான். எங்கள் வீடு 2025 ஜனவரி 8 விடியற்காலையில் முழுசாக எரிந்துபோனது. அதற்குப் பிறகு எங்களைத் தூக்கி நிறுத்திய உதவிகளில் பாதி, "நமக்குக் கிடையாது" என்று மற்றவர்கள் எங்களிடம் சொன்ன உதவிகள். கேட்டதால் கிடைத்தது. அதை விவரமாக எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடகிழக்கே, பாசடீனாவை ஒட்டி, சான் கேப்ரியல் மலையடிவாரத்தில் இருக்கிறது ஆல்டடீனா. ஊரின் நடுவே லேக் அவென்யூ வடக்கு தெற்காக ஓடுகிறது. அதற்கு மேற்கே, லிங்கன் அவென்யூ பக்கம் எங்கள் வீடு. அந்தப் பகுதியில் கறுப்பினக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகச் சொந்த வீடு கட்டி வாழ்ந்தன. மற்ற இடங்களில் தங்களுக்கு வீடு விற்க மறுத்த காலத்தில் இங்கே வாங்கிக் குடியேறியவர்கள். எங்கள் வீட்டுக்காரம்மாவும் அப்படி ஒரு குடும்பம். முன்வீட்டில் அவர் தனியாக, தோட்டத்தைத் தாண்டி பின்வீட்டில் நாங்கள்: நான், கணவர், இங்கேயே பிறந்த பன்னிரண்டு வயது மகள், அப்போது விசிட்டர் விசாவில் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த என் மாமியார். அத்தைக்கு ஆங்கிலம் வராது. ஆனாலும் வீட்டுக்காரம்மாவை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

ஜனவரி 7 காலையிலேயே பசிபிக் பாலிசேட்ஸில் தீ பிடித்துவிட்டது. அது கடற்கரைப் பக்கம், எங்களுக்கு வெகுதூரம். மாலை ஆறு மணி தாண்டியதும் எங்கள் ஊருக்குக் கிழக்கே ஈட்டன் பள்ளத்தாக்கில் இன்னொரு தீ. முந்தைய இரண்டு ஆண்டுகள் நல்ல மழை பெய்து மலையெல்லாம் புதர் மண்டியிருந்தது. அப்புறம் மாதக்கணக்கில் மழையே இல்லை, எல்லாம் காய்ந்து கிடந்தது. அதன்மேல் சாண்டா ஆனா காற்று. உள்நாட்டுப் பாலைவனத்திலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட காற்று அது. அன்று மணிக்கு 80 மைலுக்கும் மேல் வீசியது. தண்ணீர் கொட்டும் ஹெலிகாப்டர்களே அந்தக் காற்றில் பறக்க முடியாமல் இறங்கிவிட்டன.

லேக் அவென்யூவுக்குக் கிழக்கே இருந்தவர்களுக்கு வெளியேறச் சொல்லி மாலையிலேயே செல்பேசியில் உத்தரவு வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக்கு வரவில்லை. மேற்கு ஆல்டடீனாவுக்கு அந்த உத்தரவு போனபோது அதிகாலை மூன்றரை மணி ஆகப்போகிறது. ஈட்டன் தீயில் 19 பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட எல்லோருமே லேக் அவென்யூவுக்கு மேற்கே வசித்தவர்கள், அதிலும் பெரும்பாலோர் வயதானவர்கள். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. அவர்களில் சிலரை நடைப்பயிற்சியில் பார்த்துக் கையசைத்திருப்பேன்.

எங்களைக் காப்பாற்றியது வீட்டுக்காரம்மாவின் நினைவாற்றல். 1993இல் இதே மலையடிவாரத்தில் கின்னெலோவா தீ வந்து 200 கட்டடங்களுக்குக் கொஞ்சம் குறைய எரித்தபோது அவர் இதே வீட்டில் இருந்தவர். இரவு கரண்ட் போனதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் கதவைத் தட்டினார். "காற்று மேற்கே திரும்பியிருக்கிறது. போன் சொல்லும்வரை காத்திருக்காதே" என்றார். என் கணவர் வாட்ச் டியூட்டி செயலியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். லாபநோக்கமில்லாத அமைப்பு ஒன்று நடத்துகிற செயலி அது. தீயணைப்புத் துறையின் வயர்லெஸ் பேச்சைக் கேட்டுக் கேட்டு, அனுபவசாலிகளும் தன்னார்வலர்களும் உடனுக்குடன் வரைபடத்தில் போடுகிறார்கள். தீ எந்தத் திசையில் நகர்கிறது என்று அதில் தெரிந்தது. அதற்குமேல் யோசிக்கவில்லை.

அவருடைய கார் கராஜுக்குள் இருந்தது. கரண்ட் இல்லாததால் கதவு திறக்கவில்லை. மின்சாரக் கராஜ் கதவின் மேல்தண்டில் சிவப்புக் கைப்பிடியோடு ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தால் மோட்டாரிலிருந்து கதவு விடுபட்டு, கையால் தூக்கித் திறக்கலாம். கணவர் அதை இழுத்துத் தூக்கினார். கதவு கனமாக இருந்தது. தனியாக இருக்கும் ஒரு வயதான பெண்மணியால் அது முடியுமா என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக் கராஜில் அந்தக் கயிறு எங்கே இருக்கிறது என்று பகல் வெளிச்சத்திலேயே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் வீட்டிலும்.

நாங்கள் எடுத்துக்கொண்டு கிளம்பியவை கொஞ்சம்தான். விசாக்காரர்கள் வீட்டில் எப்போதும் ஒரு கோப்பு இருக்கும், உங்களுக்கே தெரியும்: பாஸ்போர்ட்டுகள், விசா ஒப்புதலுக்கான ஐ-797 தாள்கள், நாட்டுக்குள் வந்ததற்கான ஐ-94 பதிவு, சம்பளச் சீட்டுகள், மகளின் பிறப்புச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, வாடகை ஒப்பந்தம். அந்த ஒரே கோப்பு அடுத்த பல மாதங்களுக்கு எங்களுக்குச் சோறு போட்டது என்று சொன்னால் மிகையில்லை. அத்தையின் மாத்திரைப் பெட்டி மட்டும் இருட்டில் கிடைக்கவில்லை.

பாசடீனா கன்வென்ஷன் சென்டரில் செஞ்சிலுவைச் சங்கம் அன்றிரவே முகாம் திறந்திருந்தது. உள்ளே போகும்போது யாரும் விசா கேட்கவில்லை, பாஸ்போர்ட் கேட்கவில்லை. பெயரையும் எங்கிருந்து வருகிறோம் என்பதையும் மட்டும் எழுதிக்கொண்டார்கள். முதியோர் இல்லங்களிலிருந்து சக்கர நாற்காலிகளில் வரிசையாக ஆட்களைக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள், இரவு உடையோடு, போர்வை போர்த்தி. பெரிய கூடத்தில் மடக்குக் கட்டில்கள். எல்லோர் தலைமுடியிலும் புகைநாற்றம்.

அத்தைக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. இங்கே மருத்துவரே கிடையாது, ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு மாத்திரை வாங்கி வந்திருந்தார். காலையில் முகாமிலிருந்த நர்ஸிடம் போனேன். முகாம் திறந்தால் கூடவே நர்ஸுகளும் வருவார்கள், தொலைந்துபோன மருந்து, மூக்குக்கண்ணாடி, கைத்தடி போன்றவற்றுக்கு மாற்று ஏற்பாடு செய்வதும் அவர்கள் வேலை என்பது அங்கேதான் தெரிந்தது. நம்மூர் பிராண்ட் பெயரைச் சொன்னால் இங்கே யாருக்கும் புரியாது. நல்லவேளை, அத்தையின் மருந்துச் சீட்டைக் கணவர் எப்போதோ படம் எடுத்து வைத்திருந்தார். அதில் மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்று மருந்தின் அடிப்படைப் பெயரும் எத்தனை மில்லிகிராம் என்பதும் இருந்தன. அதை வைத்துத்தான் காரியம் நடந்தது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால், மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை இன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஜனவரி 9 மாலை, முகாமில் இருந்த அத்தனை செல்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. வெளியேறத் தயாராகுங்கள் என்ற எச்சரிக்கை. ஏற்கெனவே வெளியேறி வந்து கிடப்பவர்கள் எங்கே போவது? குழந்தைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அது தவறாக கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) முழுவதுக்கும் போன செய்தி என்று திருத்தம் வந்தது. மறுநாள் விடியற்காலையிலும் இன்னொரு தடவை. பயத்தில் சிலர் செல்பேசியில் எச்சரிக்கையையே நிறுத்தி வைத்தார்கள். அது ஆபத்து. எச்சரிக்கை வராமல் போனதும் நடந்தது, வரக்கூடாத இடத்துக்கு வந்ததும் நடந்தது, ஆகவே ஒன்றை மட்டும் நம்பியிருக்க முடியாது. உங்கள் வெளியேற்ற மண்டலத்தின் எண் என்ன என்று தெரிந்து வைத்திருந்தால் எந்தச் செய்தி உங்களுக்கு, எது இல்லை என்று உடனே பிரிக்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஜெனசிஸ் புரொடெக்ட் தளத்தில் முகவரியைப் போட்டால் எண் வரும். ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள், வீட்டுக்கு வரும் பெரியவர்களும் பார்ப்பார்கள்.

முகாமில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெண்மணிதான் 211 பற்றிச் சொன்னார். அவசரத்துக்கு 911 என்பது எல்லோருக்கும் தெரியும். 211 என்பது வேறு: தங்க இடம், உணவு, மருந்து, வாகனம், வாடகை, எது வேண்டுமானாலும் எங்கே கேட்பது என்று வழிகாட்டும் எண். ஏர்பிஎன்பி டாட் ஓஆர்ஜி என்ற தொண்டு அமைப்பு தீயில் வெளியேறியவர்களுக்கு இலவசமாக வீடுகள் கொடுத்தது, 211 வழியாகத்தான் அதற்கு விண்ணப்பம். எங்களுக்கு அது கிடைத்தது. அதன்பிறகு டயமண்ட் பார் என்ற ஊரில் ஒரு தமிழ்க் குடும்பம் தங்கள் மாடியைக் காலி செய்து கொடுத்தது. அதுவரை அவர்களை நேரில் பார்த்ததே இல்லை, வாட்ஸ்அப் குழுவில் மட்டும்தான் பழக்கம். அந்த அக்கா கொடுத்த முதல் சாப்பாடு ரசம் சாதமும் அப்பளமும். அத்தை அன்றைக்குத்தான் முதன்முறையாக வாய்விட்டு அழுதார்.

மகளுக்கு நாங்கள் யாரும் செய்ய முடியாத ஒன்றை, எட்டாம் வகுப்பு படிக்கும் இன்னொரு ஆல்டடீனாப் பெண் செய்தாள். ஆல்டடீனா கேர்ள்ஸ் என்று தன் வயதுப் பெண்களுக்காக அவள் ஆரம்பித்த இடத்தில் புதுத் துணி, உள்ளாடை, தலைக்கு வேண்டியவை, முகப்பூச்சு எல்லாம் கடை மாதிரி அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். விரும்பியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. மூட்டையாக வந்த பழைய துணிகளைப் பார்த்து முகம் சுருங்கியிருந்த பிள்ளை, அங்கே தனக்குப் பிடித்த நிறத்தில் ஒரு மேல்சட்டை எடுத்தாள். உதவி என்றால் கொடுத்ததை வாங்கிக்கொள்வது என்றே நினைத்திருந்த எனக்கு, அந்த வயதுப் பெண் ஒருத்தி இதை யோசித்திருக்கிறாள் என்பது பெரிய விஷயமாகப் பட்டது.

சரி, இனி ஃபீமா, அதாவது மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பு. இதற்காகத்தான் இந்தப் பதிவே.

ஜனவரி 8ஆம் தேதியே குடியரசுத் தலைவர் பைடன் இதைப் பெரும் பேரிடராக அறிவித்துவிட்டார். அந்த அறிவிப்பு வந்தால்தான் தனிநபர்களுக்கு மத்திய அரசின் ஃபீமா உதவி திறக்கும். அடுத்த வாரமே பாசடீனா சிட்டி காலேஜின் சமூகக் கல்வி மையத்தில் பேரிடர் மீட்பு மையம் ஒன்றைத் திறந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே ஃபீமா மேசை, சிறுதொழில் கடன் மேசை, ஓட்டுநர் உரிமம் மாற்றித் தரும் மேசை, பிறப்புச் சான்றிதழ் மேசை, காப்பீட்டுச் சந்தேகங்களுக்கு மாநில அரசின் மேசை என்று எல்லாம் இருந்தன. அங்கே போகலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஃபீமா பணம் குடியுரிமை உள்ளவர்களுக்கும் கிரீன் கார்டு, அகதி நிலை போன்ற சில தகுதிகள் உள்ளவர்களுக்கும்தான். எச்-1பி அதில் இல்லை. அது உண்மைதான். குழுவில் எல்லோரும் அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் விதி அத்தோடு நிற்கவில்லை. வீட்டில் ஒரே ஒருவர் தகுதியுள்ளவராக இருந்தாலும் அந்தக் குடும்பம் விண்ணப்பிக்கலாம். அந்த ஒருவர் சின்னக் குழந்தையாகவும் இருக்கலாம். இங்கே பிறந்த குழந்தை, அதே வீட்டில் வசிக்கிறது, அதற்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கிறது என்றால், தாயோ தகப்பனோ குழந்தையின் சார்பில் விண்ணப்பம் போடலாம். பெற்றோரின் குடியேற்ற நிலையைப் பற்றி அதில் விவரம் வாங்குவதில்லை. மேசையில் இருந்த அம்மா, நான் தயங்கித் தயங்கிப் பேசுவதைப் பார்த்துவிட்டு, கேட்பதற்கு முன்னாலேயே "வீட்டில் குழந்தை இருக்கிறதா? எங்கே பிறந்தது?" என்றார். தினமும் எங்களைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

இங்கே கிரீன் கார்டுக்குப் பத்து வருடம், பதினைந்து வருடம் என்று வரிசையில் நிற்கும் இந்தியக் குடும்பங்களில் பெரும்பாலான வீடுகளில் இப்படி ஒரு அமெரிக்கக் குழந்தை இருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்த பயம் எல்லோருக்கும் வருவது: அரசாங்கத்திடம் பணம் வாங்கினால் நாளைக்குக் கிரீன் கார்டுக்குப் பாதிக்குமா? நாங்களும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டோம். பேரிடர் சட்ட உதவி என்று இலவசமாகவே வழக்கறிஞர்கள் கிடைத்தார்கள். அரசாங்கத்துக்குச் சுமை என்று கணக்குப் பார்க்கும் விதியில், அப்போதைய நிலவரப்படி, பேரிடர் கால உதவி சேராது என்று அவர் எடுத்துக் காட்டினார். விதிகள் மாறக்கூடியவை, ஆகவே உங்கள் நேரம் வரும்போது நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், வாட்ஸ்அப்பில் வந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பது அடுத்த குழப்பம். வீடு உங்களுடையது இல்லை, சரி. உள்ளே இருந்த பாத்திரம், படுக்கை, கணினி, துணிமணி உங்களுடையது அல்லவா? அதற்கும், வேறு வீட்டு வாடகைக்கும் ஃபீமா உதவி உண்டு. முதலில் உடனடித் தேவைக்கென்று ஒரு குடும்பத்துக்கு 770 டாலர். தண்ணீர், உணவு, குழந்தைக்கு வேண்டியது, பெட்ரோல் இவற்றுக்கு. மற்றவை அதற்குப் பிறகு, உங்கள் இழப்பைப் பொறுத்து. அந்த ஆண்டு தங்குமிடத்துக்கு அதிகபட்சம் 43,600 டாலர், பொருட்கள் போன்ற பிற தேவைகளுக்கு இன்னொரு 43,600 என்று உச்சவரம்பு இருந்தது. எல்லோருக்கும் அவ்வளவு வராது, எங்களுக்கும் வரவில்லை. ஆனால் பூஜ்யத்துக்கும் அதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது.

எங்களுக்கு முதலில் வந்த கடிதம் "தகுதி இல்லை" என்றுதான் ஆரம்பித்தது. கணவர் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். நான் இரண்டாம் பக்கம்வரை படித்தேன். காப்பீட்டு நிறுவனம் என்ன கொடுத்தது, என்ன கொடுக்கவில்லை என்ற கடிதம் சேர்க்கப்படவில்லை, அதை அனுப்புங்கள் என்று கீழே இருந்தது. ஃபீமாவின் மறுப்புக் கடிதங்களில் பல இப்படித்தான்: ஒரு தாள் குறைகிறது என்பதை மறுப்பு போலச் சொல்லும். கடிதத்தின் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஒரு பக்கத்தில் எளிமையாக எழுதி, விண்ணப்ப எண்ணையும் பேரிடர் எண்ணையும் எல்லாத் தாள்களிலும் மேலே குறித்து, காப்பீட்டுக் கடிதம், வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது எல்லாம் சேர்த்து அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். ஒரே கடிதத்தைப் பார்த்துவிட்டு விட்டுப்போன குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே சில இருக்கின்றன.

காப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் காப்பீடு சுவருக்கும் கூரைக்கும்தான். குடியிருப்பவரின் பொருளுக்கு அவரே தனியாக எடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கட்டாயம் என்று இருந்ததால் நாங்கள் ஒரு சின்னக் காப்பீடு எடுத்திருந்தோம். அதில் வெளியே தங்கும் செலவுக்கும் ஒரு பகுதி உண்டு, ஓட்டல் ரசீது முதல் கூடுதலாக ஆகும் சாப்பாட்டுச் செலவுவரை. வேதனையான பகுதி பட்டியல்தான். வீட்டில் இருந்த ஒவ்வொரு பொருளையும், எப்போது வாங்கியது, என்ன விலை என்று எழுத வேண்டும். பிரஷர் குக்கர் மூன்று. இட்லித் தட்டு. கோயம்புத்தூர் கிரைண்டர், விமானத்தில் கொண்டுவந்தது. அம்மா கொடுத்த காஞ்சிப்பட்டு. அதற்கு விலை எழுத எனக்கு மனசே வரவில்லை, கடைசியில் அத்தைதான் ஒரு தொகை சொன்னார். மகளின் பிறந்தநாளுக்கு எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம், பின்னால் அலமாரியில் என்னென்ன தெரிகிறது என்று. அந்த வீடியோவிலிருந்து மட்டும் ஒரு பக்கம் எழுதினோம். வருடம் ஒருமுறை அறை அறையாக, அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து வீடியோ எடுத்து இணையத்தில் சேமித்து வையுங்கள்.

எரிந்த பகுதிக்குப் போகும் வழியில் தேசியக் காவற்படை சோதனைச் சாவடி போட்டிருந்தது. உள்ளே போய்ப் பார்க்க அந்த முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். என் உரிமத்தில் பழைய முகவரி. வாடகை ஒப்பந்தமும் மின்ரசீதும்தான் உள்ளே விட்டன. போகும்போது என்95 முகக்கவசம், கையுறை, முழுக்கால் மூடும் காலணி கட்டாயம். அங்கே பல வீடுகள் 1978க்கு முன்னால் கட்டியவை. அந்தக் காலத்து வண்ணப்பூச்சில் ஈயம், கட்டுமானப் பொருளில் ஆஸ்பெஸ்டாஸ். எல்லாம் அந்தச் சாம்பலில்தான் இருக்கிறது. மகளையும் அத்தையையும் நாங்கள் கூட்டிப் போகவே இல்லை.

வீடு தப்பித்தவர்களுக்கு வேறு ஒரு தொல்லை. ஆல்டடீனாவில் குடிநீர் நிறுவனங்கள் "குடிக்க வேண்டாம்" என்று அறிவித்திருந்தன. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பது நம் வளர்ப்பு. இதில் அது உதவாது. எரிந்த குழாய்கள் வழியே பென்சீன் போன்ற ரசாயனம் கலந்திருந்தால், கொதிக்க வைக்கும்போது அது ஆவியாகி நாம் சுவாசிக்கும் காற்றில் கலக்கும். பாட்டில் தண்ணீர்தான் வழி. அதை இலவசமாகக் கொடுக்கும் இடங்கள் இருந்தன.

விசாக்காரர்கள் மறந்துபோகும் ஒன்று: வீடு எரிந்து இடம் மாறினாலும், பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 படிவத்தில் புது முகவரி தெரிவிக்க வேண்டும். இணையத்தில் செய்யலாம், கட்டணம் இல்லை. தபால் அலுவலகத்திலும் முகவரி மாற்றம் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் விசா தொடர்பான தாள்கள் இல்லாத வீட்டுக்குப் போகும். அப்புறம் வாடகை வீடு தேடும்போது, அவசரநிலை அறிவித்த பிறகு வாடகையைப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றுவது கலிஃபோர்னியாவில் சட்டவிரோதம் என்பதையும் நினைவில் வையுங்கள். எங்களிடம் ஒருவர் அதற்கும் மேலே கேட்டார். சட்டத்தைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார். வீடு கிடைக்கவில்லை, ஆனால் புகார் கொடுத்தோம்.

ஈட்டன் தீயை ஜனவரி 31ஆம் தேதிதான் முழுதாகக் கட்டுப்படுத்தினார்கள். 14,000 ஏக்கர், 9,400க்கும் மேல் கட்டடங்கள். எங்கள் வீட்டுக்காரம்மாவின் இரண்டு வீடுகளும் அதில் அடக்கம். இடிபாடுகளை ராணுவப் பொறியாளர் படை இலவசமாக அள்ளிப்போட்டது. அதற்கும் உள்ளே வர அனுமதிப் படிவம் ஒன்று உண்டு, மார்ச் 31க்குள் கொடுக்க வேண்டும் என்று முதலில் சொல்லி, பிறகு ஏப்ரல் 15 வரை நீட்டித்தார்கள். அவருக்குக் கணினி பழக்கமில்லை. "எனக்கென்ன, காப்பீடு இருக்கிறது, இல்லாதவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்" என்று அவரும் நம்மைப் போலவேதான் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் உட்கார்ந்து அந்தப் படிவத்தைப் போட்டுக் கொடுத்தார். ஃபீமாவுக்கும் அவர் பெயரில் விண்ணப்பித்தோம். காப்பீட்டில் அடங்காத செலவுகள் எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணிக்கு எவ்வளவோ இருக்கின்றன. இப்போது பின்வீட்டை முதலில் கட்டி அதில் குடியேறிக்கொண்டு, அப்புறம் முன்வீட்டைக் கட்டப்போவதாகச் சொல்கிறார். அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறார். அத்தை ஊரிலிருந்து வாரம் தவறாமல் வீடியோவில் கூப்பிட்டு "அக்கா எப்படி இருக்காங்க" என்று விசாரிக்கிறார்.

ஃபீமா உதவி எண் 1-800-621-3362. ஈட்டன் தீக்கான விண்ணப்பக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் கலிஃபோர்னியாவில் தீக்காலம் வருடாவருடம் வருகிறது, பெரும் பேரிடர் அறிவிப்பு வந்தால் நடைமுறை இதேதான். மறுப்புக் கடிதம் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் குடும்பம் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் என்னிடம் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் மேல்முறையீட்டுக் கடிதத்தின் நகல் இருக்கிறது, பெயரையும் எண்களையும் எடுத்துவிட்டு அனுப்புகிறேன். சனிக்கிழமை காலைகளில் போனிலும் உட்கார்ந்து சேர்ந்து எழுதலாம்.